இடது கை எடுத்துக் கொடுத்த பாட்டில்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. படித்து முடித்த பிறகு என்னைப் பற்றி நீங்கள் கொஞ்சம் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை.

மன்னார்குடியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு நாள், மதியம் பன்னிரண்டு மணிக்கு, என் கடை நாற்காலியிலேயே எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

நான் படித்தது சேசு சபைக் குருக்கள் நடத்தும் பழைய பள்ளி. என் தாத்தா பிறப்பதற்கு முன்பே கட்டியது. அங்கே மதிய மணி அடித்ததும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆன்ம சோதனை என்பார்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் உட்கார வேண்டும். நாங்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்றுதான் சோதித்தோம். ஆனாலும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றும் பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடுவேன். வியாபாரம் சூடாக இருந்தால் விட்டுவிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தமிழரசி அக்காவின் முகம் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் குத்தகைக்கு ஒரு ஏக்கர் நேரடி நெல் விதைப்பு செய்திருப்பவர். கணவர் வெளிநாட்டில். "களை மருந்து ஒண்ணு குடுங்கண்ணே" என்றார். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். வயலுக்கா வரப்புக்கா என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். வயல் மருந்து களையை மட்டும் கொல்லும். வரப்பு மருந்து பச்சையாக இருக்கும் எல்லாவற்றையும் கருக்கிவிடும். இரண்டுக்கும் ஒரே நிற மூடி.

நான் போனில் பேசிக்கொண்டே இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். என் இடது கைப் பக்கம் வரப்பு மருந்துதான் இருக்கிறது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு இடம் காலி.

அந்த நேரத்தில் நான் செய்த முதல் ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, நான்தான் என்று தெரியாமல் போகட்டும்." ரசீது கொடுக்கவில்லை. மழை, மண், விதை என்று சொல்ல எத்தனையோ காரணம் இருக்கிறது. இப்படியெல்லாம் என் புத்தி ஓடியது. பாட்டில் மாறியதைவிட இதுதான் என்னை அதிர வைத்தது. அத்தனை வருடம் அந்தப் பள்ளியில் உட்கார்ந்தவன், ஒரு பெண்ணின் ஒரு போகத்தை மூடி மறைக்க ஒரு நிமிடத்தில் தயாராகிவிட்டேன்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்று அழுதேன், வெட்கமில்லாமல். "என்னைக் காப்பாற்ற வேண்டாம். அந்தப் பயிரைக் காப்பாற்று" என்றேன். இது இரண்டாவது ஜெபம்.

போய்ச் சேர்ந்தபோது மருந்தடிக்கும் செல்வராசு வரப்பில் உட்கார்ந்து தெளிப்பானின் மூக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால் தண்ணிய கலங்கலா மொண்டு ஊத்திட்டேங்க. ரெண்டு நடை அடிச்சேன், அடைச்சிக்கிச்சு. அரை மணி நேரமா மல்லாடுறேன்."

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரப்பில் நின்ற அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார், "பயிரு கருகியிருந்தா உங்கள நெனச்சே பாத்திருக்க மாட்டேண்ணே. இவரத்தான் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன்."

செல்வராசு தெளிப்பானைக் கீழே வைத்தார்.

"போன சம்பாவுல பக்கத்து ஊர்ல கோவிந்தசாமி ஐயா வயலு இப்புடித்தாங்க கருகிச்சு. முன்ன அடிச்ச மருந்து டேங்க்ல இருந்துருக்கு, நீ கழுவலன்னாங்க. அதுலேருந்து அந்த ஊர்ல என்னை யாரும் கூப்புடுறதில்ல."

"அவர் மருந்து எங்க வாங்குனாரு?"

"ஒங்க கடையிலதாங்க."

போன சம்பாவில் வியாபாரம் சூடாக இருந்தது. நான் ஒரு நாள்கூடக் கண்ணை மூடவில்லை.

அன்று மாலையே செல்வராசுவை அழைத்துக்கொண்டு கோவிந்தசாமி ஐயா வீட்டுக்குப் போனேன். வைக்கோல் போரை மூடிய தார்ப்பாய் பறக்காமல் இருக்க, காலி மருந்து பாட்டில்களில் மண் நிரப்பிச் சுற்றிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நான்காவது பாட்டில் வரப்பு மருந்து.

"நான் வரப்புக்கு ஒருநாளும் மருந்து அடிச்சதில்லையே தம்பி. ஆள விட்டுச் செதுக்கித்தான் பழக்கம்" என்றார் ஐயா.

அங்கேயே அவர் காலைத் தொட்டேன். மறுநாள் அந்த ஊர் டீக்கடையில் எல்லார் முன்னாலும் நின்று, தப்பு செல்வராசுவுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ஐயாவின் நட்டத்தை ஏற்றுக்கொண்டேன். தமிழரசி அக்கா வயலில் கருகிய இடத்துக்கு நாற்று வாங்கி நட்டுக் கொடுத்தேன். இப்போது வயலா வரப்பா என்று கேட்டு, வாடிக்கையாளர் வாயால் பதில் வராமல் என் கை அலமாரிக்குப் போவதில்லை.

நான் கேட்டது ஒரு ஏக்கர் பயிரை. ஆண்டவர் அதையும் கொடுத்து, நான் கேட்கவே தெரியாத ஒன்றையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு நன்றி சொல்லித் தீராது. அவரிடம் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். உங்களைத் தப்பிக்க வைக்கும்படி மட்டும் கேட்காதீர்கள்.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது செல்வராசு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"டேங்க நான் கழுவினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க. ஒரு வருசமா நாந்தான் அந்த வயல அழிச்சேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."