குமரேசனின் துப்பாக்கிப் பாட்டு

போன வெள்ளிக்கிழமை வளைகுடாவில் நாங்கள் இருக்கும் மங்காஃப் ஏரியா டீம் வாலிபால் ஃபைனலில் ஜெயித்தது. ஒரு பந்துகூட அடிக்காமல்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே என்பீர்கள். பொறுங்கள்.

எங்கள் டீமின் ஸ்மாஷர் பெயர் குமரேசன். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். கம்பெனியில் சாரம் கட்டும் வேலை. வெயிலில் இரும்புக் குழாயைத் தொட்டால் கையுறையையும் மீறிச் சுடும். கம்பெனி டீமில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் ஸ்டோர் டியூட்டி கொடுப்பார்கள் – ஏ.சி., நிழல், உட்கார ஒரு ஸ்டூல். இந்த ஃபைனலைப் பார்த்து அந்த டீமுக்கு ஓர் ஆளை எடுக்கப்போவதாக மேனேஜரே சொல்லியிருந்தார். குமரேசனைத் தவிர வேறு யாரை எடுக்க முடியும்? அவன் எம்பினால் நெட் இடுப்புக்குக் கீழே நிற்கும்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? குமரேசன் வாங்கி வந்த ஒரு திருட்டு சி.டி.யில்.

அமெரிக்க ரவுடிப் பாட்டு. வீடியோவில் கழுத்துத் தடிமனுக்குச் சங்கிலி, முழங்கால் வரை பனியன், பின்னால் கார் வரிசை. பாடுகிறவர் எத்தனை பேரைச் சுட்டார், எத்தனை தடவை உள்ளே போனார் என்றே பாட்டு. அந்த ஊர் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்களும் இப்போது அதே நடை, அதே சங்கிலி. விளையாட வருகிறவன் எதற்காக ஜாமீனில் வந்தவன் மாதிரி நடக்க வேண்டும்? எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். ஜெயில் கதை பாடுகிறவர் பங்களாவில் இருக்கிறார். கேட்கிறவன் அடுக்குக் கட்டிலில் கிடக்கிறான். யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள்?

"அர்த்தம் புரியுதாடா?" என்று ஒருநாள் குமரேசனிடம் கேட்டேன்.

"எவனுக்குண்ணே புரியுது? அவன் கோவமா இருக்கான். அது புடிச்சிருக்கு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வாரம் முழுக்க ஃபோர்மேனிடம் 'எஸ் சார்' சொல்லும் வாய்க்கு, கோபத்தை எங்காவது வைக்க இடம் வேண்டாமா?

வைத்த இடம்தான் தப்பு. ஃபைனலுக்கு முன்னால், எங்களோடு மோதவிருந்த ஃபர்வானியா ஏரியா டீமைச் சீண்ட, அவனே ஒரு பாட்டுக் கட்டினான். ரூம்காரன் வாயாலேயே தாளம் போட, மொபைலில் பதிவு செய்தான். 'இடுப்புல துப்பாக்கி இருக்கு, என்னைக் கண்டா போலீசுக்கே நடுக்கம்' என்று போகும். சிக்னல் விழாமல் ரோட்டைத் தாண்டாத பையன் பாடியது. ப்ளூடூத்தில் ஏறி ரூம் ரூமாகப் போய், வியாழக்கிழமைக்குள் ஃபர்வானியாவையும் தொட்டுவிட்டது.

வெள்ளி சாயங்காலம். மண்ணில் தண்ணீர் தெளித்து நெட் கட்டியாயிற்று. மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஃபர்வானியா டீமைக் காணோம்.

அந்த டீமை நடத்துகிறவர் காதர் பாய். கீழக்கரைக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன் போட்டேன்.

"நாங்க வரல தம்பி. உங்க ஆளு பாடுனதைக் கேட்டியளா?"

"என்ன பாய், ஒரு பாட்டுக்கா பயப்படுறீங்க?"

"அவனுக்கு யாரு பயந்தா? குச்சி மாதிரி இருக்கான். அந்தப் பாட்டு ஏதாவது அரபி போன்ல ஏறி, ஒருத்தன் அர்த்தமும் சொல்லி, போலீசு ஜீப்பு வந்துச்சுன்னு வைங்க... கிரவுண்டுல நிக்கிறவனை எல்லாம் அள்ளிட்டுப் போவான். பாடுனவன் யாரு, ஆடுனவன் யாருன்னா பார்ப்பான்? எங்க பயலுவள்ல ரெண்டு பேருக்கு விசா புதுப்பிக்கக் கிடக்கு. கலாஸ், முடிஞ்சுச்சு, வைங்க போனை."

வாக்ஓவர். எதிர் டீம் வராததால் வெற்றி எங்களுக்கு. எங்கள் பையன்கள் கை தட்டினார்கள். "பயந்துட்டாங்கடா" என்று குமரேசன் காலரைத் தூக்கிவிட்டு ஒரு சுற்று நடந்தான். மேனேஜர் அவனையும் பார்த்தார், வீடியோவைப் பார்த்து அவன் வாங்கி மாட்டியிருந்த சங்கிலியையும் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். "ஆட்டம் இல்லாம ஆளை எப்படி எடுக்க?" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் போனிலும் அந்தப் பாட்டு இருந்திருக்குமோ? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கார் திரும்பிப் போனதைப் பார்த்த பிறகுதான் குமரேசனுக்கு உறைத்தது. பாய் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப... என்னயப் பார்த்துப் பயப்படலையாண்ணே?"

"இல்லடா."

ஸ்டோர் டியூட்டி போனதைவிட இதுதான் அவனை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.  பிறகு என் போனை வாங்கினான்.

"பாய், நாந்தான் குமரேசன். எங்கிட்ட துப்பாக்கியெல்லாம் இல்ல பாய். சும்மா பாடுனது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து ஆடுங்க. மேனேஜரை நாங்க எப்படியாவது கூட்டியாந்துருவோம்."

ஸ்பீக்கரில் பாய் குரல் கேட்டது. "இல்லைங்கிறதை என்கிட்ட சொல்லி என்ன வாப்பா? ஊரு பூரா இருக்குன்னுல பாடியிருக்க. இல்லைன்னும் பாடு. எங்க பயலுவ போன்ல அது தானா வந்து சேரட்டும். அப்ப வர்றோம்."

பாடினான். அதே தாளம், அதே ரூம்காரன். 'துப்பாக்கி இல்ல, சாரம் கட்டுற ஸ்பேனர்தான் இருக்கு. போலீசு வந்தா ஓரமா ஒதுங்கி நிப்பேன்' என்று போகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பாட்டைவிட இது நன்றாகவே இருக்கிறது. குரலில் கோபம் குறையவில்லை. வார்த்தை மட்டும் உண்மை.

வாரம் முழுக்க பகாலா என்கிற மளிகைக் கடை வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் ப்ளூடூத்தை ஆன் செய்து நிற்கிறோம். கேட்டவர்கள் எல்லோரும் முதல் பாட்டு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. புதுப் பாட்டு இன்னும் மங்காஃபைத் தாண்டவில்லை.