பக்கத்து மாடியில் ஒரு காலிக் கூண்டு

போன வருஷம் சித்திரை வெயிலில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. நான் அப்போதுதான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். வேலைக்கு அப்ளை செய்வது, பதில் வராதா என்று மெயிலைத் திறந்து மூடுவது, மிச்ச நேரம் மாடி. கையில் அண்ணன் கொடுத்த பழைய கேமரா.

காலேஜில் பறவை பார்க்கும் குரூப் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாகறல் ஏரி, கூரம் பக்கத்து வயல் என்று நாலைந்து பெண்கள் டூவீலரில் கிளம்பிவிடுவோம். மற்ற நாட்களில் வீட்டு மாடிக்கு வரும் மைனா, கிளி, செம்பகம்தான். அதனால் அம்மா சிமெண்ட் சாக்கில் வளர்த்த கத்திரிச் செடியில் ஒரு தையல்சிட்டு வந்து இலையைச் சுருட்ட ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. தலையில் செம்பழுப்புத் தொப்பி, தூக்கிய வால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம். இலையின் ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, நார், பஞ்சு, சிலந்தி வலை என்று கிடைத்ததை வைத்துத் தைத்து, அந்தப் பைக்குள் கூடு வைக்கும்.

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. கீழே அப்பாவின் தறியில் அரக்கு நிறப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. தறியடியில் அறுந்து கிடந்த பட்டு இழைகளைப் பொறுக்கி, ஒரு துணிக் கிளிப்பில் மாட்டி, செடிக்குப் பக்கத்துக் கொடியில் தொங்கவிட்டேன். மறுநாளே சிட்டு ஒரு இழையை உருவிக்கொண்டு போனது. இரண்டே நாளில் பச்சை இலையில் அரக்குத் தையல். படம் எடுத்து, ‘எங்க ஊர் சிட்டு பட்டுலதான் தைக்கும்’ என்று எழுதி குரூப்பில் போட்டேன். அதுவரை நான் எடுத்த எந்தப் படத்துக்கும் அவ்வளவு ஹார்ட் வந்ததில்லை. ஒரு வாரம் சீன் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்று குஞ்சு பொரித்தது. அதற்குப் பிறகுதான் பக்கத்து மாடி ஆள் என் கண்ணில் பட ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர் மட்டும்தான். அந்தப் பக்கம் இருந்த மாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்தவர் அவர். முப்பது வயசு இருக்கும், தனி ஆள். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் வீட்டில். ஒரு கூண்டில் நாலு லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் இன்னொரு கூண்டு, காலியாக.

அந்தக் காலிக் கூண்டுதான் எனக்கு இடித்தது. நாலு பறவைக்கு ஒரு கூண்டு போதும். இன்னொன்று யாருக்கு?

அதோடு அவர் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. நான் மாடியில் இருந்தால் வரவே மாட்டார். நான் இறங்கினால், படிக்கட்டுக் கதவு இடுக்கில் பார்க்கிறேன், சுவர்மேல் கையை ஊன்றி, சுவரோரம் இருந்த எங்கள் கத்திரிச் செடியை எட்டிப் பார்க்கிறார். ஒருநாள் திடுமென்று வெளியே வந்து கேட்டேன்.

“இன்னாண்ணா பாக்கறீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றும் இல்லாதவர் ஏன் கதவைச் சாத்த வேண்டும்? அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது.

“அவன் உன் சிட்டையா பாக்கறான்? நீ துணி காயப்போடற நேரமாப் பாத்து நிக்கறான். நாளையிலேருந்து நானே காயப்போடறேன்.”

“மா, அவன் குஞ்சப் புடிக்கப் பாக்கறான். கூண்டு ரெடியா வெச்சிருக்கான்.”

“யாருடி அந்தக் கொசு மாதிரி குருவியப் புடிச்சுக் கூண்டுல போடுவான்? அதுக்கோசரம் ஒரு மாசமா கத்திரிக்காய நான் கடையில வாங்கிக்கினு கீறேன். புடிச்சா புடிச்சுக்கினு போவட்டும்.”

அம்மா என்னைக் காவல் காத்தாள், நான் குஞ்சுகளைக் காவல் காத்தேன். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே ஆள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் மாகறல் ஏரிக்குப் போய்விட்டேன். நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான் என்று நல்ல வேட்டை. ஆனால் மனசு வீட்டில்தான் இருந்தது. மத்தியானம் திரும்பி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. இரண்டைக் காணோம். மிச்சமிருந்த குஞ்சு கூட்டின் விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு அப்படியே ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டை எடுத்தவன் மூன்றாவதற்கும் வருவான். கதவுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்தேன். நாலு மணி வாக்கில் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சுவர்மேல் சாய்ந்து எங்கள் பக்கம் கையை நீட்டினார். விரல்களுக்கு நடுவே எதுவோ பளபளத்தது. நகவெட்டி. தாய்ச்சிட்டு அவர் தலையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. நான் ஷட்டரில் அழுத்திய விரலை எடுக்கவேயில்லை. சத்தம் கேட்டு நிமிர்ந்தார், கேமராவைப் பார்த்தார், முகம் வெளிறிப் பின்வாங்கினார்.

கேமராவின் சின்ன ஸ்க்ரீனில் பார்த்தேன். குஞ்சின் காலில் சிவப்பு. ரத்தம்.

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. கேமராவிலிருந்து படத்தை மொபைலுக்கு ஏற்றினேன். ஓரங்களை வெட்டி, அவர் கை, நகவெட்டி, குஞ்சு மட்டும் தெரிகிற மாதிரி செய்து, ‘பறவைத் திருடன், ரெண்டு காலி, மூணாவதோட காலை வெட்டறான்’ என்று டைப் அடித்து குரூப்பில் தட்டிவிட்டேன். வனத்துறைக்குச் சொல்லு, போலீஸுக்குப் போ என்று மடமடவெனப் பதில் வர ஆரம்பித்தது. கீழே போய் அப்பாவைத் தறியிலிருந்து கிளப்பினேன். தறியை விட்டு நடுவில் எழுந்திருப்பது அவருக்குப் பிடிக்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். ஓடியிருப்பார் என்று நினைத்தேன், ஓடவில்லை. நகவெட்டி இன்னும் கையில்.

அப்பா வாய் திறக்குமுன் நான் கத்தினேன். “ரெண்டு குஞ்ச எங்க வெச்சிருக்கீங்க? இதோட கால ஏன் வெட்டனீங்க? ரத்தம் வருது, போட்டோ இருக்குது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். “சார், ரெண்டும் காலைல பறந்துடுச்சு. அதோ முருங்கையில கத்துது பாருங்க. இது மட்டும் எகிறி எகிறி உழுது, கூட்ட வுட்டு வர முடியல. கால்ல கீறது ரத்தம் இல்ல சார். நூலு. பெருசு பண்ணிப் பாக்கச் சொல்லுங்க.”

கொல்லை முருங்கையில் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன. நான் வந்ததிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். மாகறலில் கண்ணை மூடிக்கொண்டே பத்துப் பறவையின் குரலை அடையாளம் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

படத்தைப் பெரிதாக்கினேன். ரத்தம் முறுக்கிக்கொண்டிருக்காது. இது முறுக்கிய இழை. ஒரு நுனி இலைத் தையலுக்குள் போகிறது, இன்னொரு நுனி குஞ்சின் விரலை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது. அப்பா எட்டிப் பார்த்தார். மொபைலை வாங்கக்கூட இல்லை.

“அரக்கு” என்றார். “நம்ம பாவு நூலு.”

பிறகு மெதுவாகத் திரும்பிக் கொடியைப் பார்த்தார். அங்கே என் கிளிப்பில் மிச்சம் இழைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தாய்ச்சிட்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

அப்பா கீழே போய்க் கண்ணாடி, ஒரு ஊசி, தறியில் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோலோடு வந்தார். குஞ்சைப் பிடிக்க வேண்டும். இரண்டு வருஷமாகப் பறவை பறவை என்று அலைந்தவள், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அம்மாவின் பழைய பருத்திப் புடவைத் துண்டில் அதைப் பொத்திப் பிடித்தேன். மொபைல் வைப்ரேட் ஆவதுபோல அதன் நெஞ்சு என் விரலில் அதிர்ந்தது. பக்கத்து மாடிக்காரர் சுவர்மேல் சாய்ந்து டார்ச் அடித்தார். நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. நகவெட்டி ஏன் நுழையவில்லை என்று அப்போது தெரிந்தது. விரல் நுனி கறுத்துப் போயிருந்தது.

“இழுத்துப் பாத்தேன் சார், அறவே மாட்டேங்குது” என்றார் அவர்.

“அறாதுப்பா. அறுந்துட்டா எவன் வாங்குவான்” என்றார் அப்பா. ஊசி முனையை நூலுக்கு அடியில் விட்டு மயிரிழை அளவு தூக்கினார். ஒரு வெட்டு. இன்னொன்று. மூன்றாவது சுற்றுக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் மூச்சுவிட்டால் அவர் கை ஆடிவிடும் என்று பயந்தேன். அதுவும் அறுந்தது. இலைத் தையலில் வெளியே தொங்கிய இழைகளையும் வெட்டிவிட்டு, கொடியிலிருந்த கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

அம்மாதான் கேட்டாள். “ஏம்பா, இவ்ளோ நாளு பாத்துக்கினு இருந்தியே, கூப்பிட்டுச் சொல்லக் கூடாது?”

“முந்தாநாள்தாம்மா நூலையே பாத்தேன். ரூம் குடுக்கும்போதே ஓனர் சொல்லிட்டாரு, அந்த மாடியில பொண்ணு கீது, அந்தாண்ட நிக்காதேன்னு. இவங்க இருக்கச்சொல்லோ நான் எப்பிடி வந்து கூப்பிடறது? இன்னிக்கு விடக் கூடாதுன்னு கைய வெச்சேன். இவங்க என்னிய போட்டோ புடிச்சிட்டாங்க.” பிறகு என் மொபைலைப் பார்த்து, “அந்த போட்டோவ எங்கயும் போட்டுடலியே?” என்றார்.

மொபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலிக் கூண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒன்றைக் கழுவிக் காயவைத்தால் மற்றதில் பறவைகள் இருக்கும் என்பதைப் பின்னால் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

படத்தை எல்லோருக்கும் சேர்த்து டெலீட் செய்தேன். யாராவது சேவ் செய்தார்களா, தெரியாது. நடந்ததை எழுதினேன். இப்போது இதை மடமடவென்று டைப் செய்கிறேன். அன்று நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. ‘நூலைத் தொங்கவிட்டது நான்தான்’ என்ற வரியை மட்டும் மூன்று முறை அழித்தேன். அனுப்பிய பிறகு ஒரு தோழி, என் பட்டுக்கூடு படத்தைப் பார்த்துவிட்டு அவள் வீட்டில் கம்பளி நூல் தொங்கவிட்டிருப்பதாகவும், உடனே எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அந்தப் படத்துக்கு ஹார்ட் போட்ட மற்றவர்கள் வீட்டில் என்னென்ன தொங்குகிறதோ.

மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, படத்தைப் போட்டதையும் அழித்ததையும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் லவ் பேர்ட்ஸுக்குத் தினை போட்டுக்கொண்டே இருந்தார். “என் மூஞ்சி தெரிஞ்சிதா?” என்று கேட்டார். கை மட்டும்தான் என்றேன். “அப்ப வுடுங்க” என்றார். அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குஞ்சு பறந்தது. பறந்தது என்று சொல்வதைவிட முருங்கைக்குள் விழுந்தது என்று சொல்லலாம். முன்விரல் ஒன்றை அது கூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. கிளையை அந்தக் காலால் சரியாகப் பிடிக்க முடியாமல் தடுமாறியது, தாய் வந்து ஊட்டியது. ஒரு வாரம் பார்த்தேன், அப்புறம் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று எடுத்த ஒரிஜினல் படம், வெட்டாமல், இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் அவர் கை. இடது ஓரத்தில், குரூப்புக்கு அனுப்புமுன் நானே வெட்டி எறிந்த ஓரத்தில், என் துணிக் கிளிப்பும் அரக்கு இழைகளும் நல்ல ஃபோகஸில் விழுந்திருக்கின்றன. சந்தேகம் இப்போதும் எனக்குச் சட்டென்றுதான் வருகிறது, அந்தக் குணம் போகவில்லை. ஆனால் யாரையாவது கை காட்டுமுன், நான் வெட்டிவிட்ட ஓரத்தில் என்ன இருந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.