பீஸ் வருமென்று காத்திருந்த காயம்

புருவம் திருத்துவதற்கென்று கல்யாணத்துக்கு முன் நான் வாங்கிய சின்னச் சாவணம்தான் அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது. மச்சாள் வாசலில் கதிரையைப் போட்டு, முழங்கையை மடித்து வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தோலுக்கடியில் கறுப்பாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு சொட்டு இரத்தத்தோடு நெல்மணி அளவு இரும்புத் துண்டு வெளியே வந்தது. போரின் கடைசி மாதங்களில் பக்கத்தில் விழுந்த ஷெல்லின் பீஸ் அது. மச்சாள் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் என்ரை சோத்திலை இருந்திட்டு இப்பதான் போறார்" என்றார். நானும் சிரித்தேன். ஒரே இழுப்பில் எடுத்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை பிறகு செய்த வேலையை இனித்தான் சொல்லவேண்டும்.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாய் தகப்பனைப் போரில் இழந்த பிறகு தம்பியை ஆளாக்கியவர். கல்யாணம் செய்யவில்லை. என் கணவர் கிளிநொச்சி நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். முரசுமோட்டையில் எங்கள் வயலை மச்சாள்தான் பார்த்தார். அதே ஷெல் அவருடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக, தோலை எரித்துப் பிய்த்திருந்தது. போர் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் மருந்து கட்டிக் கட்டி மூடிய காயம். மேலே வளர்ந்தது வெங்காயச் சருகு போல மெல்லிய, மினுங்குகிற தோல். சேற்றில் நிற்கும் காலத்தில் அது வெடிக்கும். அறுவடை முடியக் காய்ந்துவிடும். அதனால் பொலித்தீன் பையைக் காலில் சுற்றி, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தை மேலே போட்டுக்கொண்டுதான் வயலுக்குள் இறங்குவார்.

ஒரு போகம் அது காயவில்லை. நெல்லை விற்று முடித்த பிறகும் தழும்பின் நடுவில் ஒரு சல்லிக்காசு அளவுக்குப் புண் ஈரமாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய காயம் திரும்ப வாய் திறந்தால் பீஸ் வரப்போகிறது என்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பலருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. முழங்கையில் வந்ததை நானே இழுத்து எடுத்திருக்கிறேனே. ஆகவே காத்திருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள்கூட, "என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று, பேருந்துக்கு நிற்கிற ஆளைக் கேட்பது போலக் கேட்பார்கள். மச்சாளும் விடமாட்டார். "நாள் பாக்கிறார் போல" என்பார்.

தினமும் கழுவி மருந்து கட்டியது நான்தான். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்தி. மருந்துச் சீட்டு வாசிப்பது, பிள்ளையின் தடுப்பூசி நாளை நினைவு வைத்திருப்பது எல்லாம் என் பொறுப்பு. புண்ணின் விளிம்பு தடித்து உருளுவதைப் பார்த்தேன். கழுவிய பிறகும் போகாத ஒரு மணத்தை உணர்ந்தேன். ஒரு மத்தியானம் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுத் தொலைபேசியில் ஆறாத புண் என்று தேடினேன். தோல் புற்றுநோய் என்று வந்தது. கீழே படங்கள்: வெள்ளைக்காரரின் மூக்கு, வெள்ளைக்காரரின் காது, வெயிலில் சிவந்த மொட்டைத் தலை. மச்சாளின் கறுத்த காலைப் போல ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றைக்கு இன்னும் இரண்டு பந்தி வாசித்திருந்தால் பழைய தீக்காயத் தழும்பைப் பற்றியும் அதில் இருந்திருக்கும். நான் வாசிக்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. புண் கைவிரல் நீளத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு அதன் ஆழத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது போல இருந்தது. "பாத்து எடுமன் பிள்ளை, நானே சொல்லுறன்" என்றார் மச்சாள். சாவணத்தைச் சுடுநீரில் போட்டு எடுத்து வந்தேன். உள்ளே விட்டேன். இரும்பின் கடினம் தட்டுப்படும் என்று எதிர்பார்த்த இடத்தில் பூக்கோவாவின் நுனி போல மெத்தென்று ஏதோ உதிர்ந்தது. இரத்தம் வந்தது. துணியை வைத்து அழுத்தினேன். அடுத்த துணியும் நனைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சாள் முகம் சுளிக்கவே இல்லை.

"நோகேல்லையோ?"

"இல்லையே. நீர் தொட்டனீரோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த நாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

சதையில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரையிலான அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதவேண்டும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மச்சாளின் மடியில் இருந்துதான் சாப்பிடுவாள். புற்றுநோய் தொற்றாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள் நான். ஆனால் அந்த மணம், அந்த ஈரம். முடிவு வராத நோய்க்கு என்ன பெயர் என்று யாருக்குத் தெரியும்? சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். பிள்ளையின் பாயை அறைக்குள் மாற்றினேன். பிள்ளை அவரை மாமி என்றுதான் கூப்பிடுவாள்; மாமி மாமி என்று ஓடினால் எதையாவது காட்டித் திருப்பி எடுத்துவிடுவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் அடுப்படியில் நிற்கையில் மச்சாள் குசினி வாசலில் வந்து நின்று கேட்டார்: "பிள்ளையை ஒருக்கால் தூக்கட்டோ?" அதுவரை அந்த வீட்டில் அவர் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. "அவ இப்பதான் சாப்பிட்டவ" என்று சொன்னேன். அது பதிலே இல்லை. "ஓம், ஓம்" என்றுவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. தோலின் மேல்படையில் தொடங்குகிற புற்றுநோய். யாழ்ப்பாணத்தில் எங்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் இளம் வயதுக்காரி. காகிதத்தில் கால் ஒன்றை வரைந்து காட்டினார். மச்சத்தில் வந்து கெதியாகப் பரவுகிற வகை இது இல்லை, மெல்ல வளர்வது, நேரத்தோடு வெட்டி எடுத்தால் பெரும்பாலும் சுகமாகிவிடும் என்றார். ஆனால் எரிந்த தழும்பில், ஆறியும் ஆறாமலும் வருடக்கணக்கில் கிடந்த தோலில் வந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நிணநீர்க் கட்டிக்கும் போகப் பார்க்கும். மச்சாளின் தொடை இடுக்கைத் தடவியவர் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். அங்கே ஒரு கட்டி இருந்தது. கிருமியாலும் இருக்கலாம், நோயாலும் இருக்கலாம், ஊசியால் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

மச்சாள் ஒன்றே ஒன்று கேட்டார். "காலை எடுக்கவேணுமோ, டொக்டர்?"

"எலும்புக்குப் போயிருந்தால் யோசிக்கவேணும். போகேல்லை எண்டால் புண்ணையும், சுத்திவரக் கொஞ்சம் நல்ல தோலையும் வெட்டிப்போட்டு, தொடையிலை இருந்து தோல் எடுத்து மூடலாம்."

"காலில்லாமல் நான் என்னண்டு வரம்பிலை நடக்கிறது" என்றார் மச்சாள், யாரிடமும் கேட்காதது போல.

மச்சாள் எக்ஸ்ரே எடுக்கப் போன நேரத்தில் என்னிடம் இருந்த இரண்டு கேள்விகளை டொக்டரிடம் கேட்டேன். பிள்ளைக்குத் தொற்றுமோ? "தொற்றாது. சும்மா தூக்க விடுங்கோ." முதலே கொண்டுவந்திருந்தால்? என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். "சின்னனா வெட்டியிருக்கலாம்" என்றார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை.

எலும்பு தப்பியிருந்தது. கட்டியில் நோய் இல்லை என்று வந்தது. வெட்டி எடுத்ததன் விளிம்புகளில் நோய் மிச்சமில்லை என்ற கடைசி அறிக்கை வரும்வரை நான் எந்தக் கடவுளிடம் என்ன நேர்ந்தேன் என்று எனக்கே இப்போது ஒழுங்காக நினைவில்லை. தோல் ஒட்டிய கட்டோடு கிடந்த மச்சாள் மட்டும், "தொடைதான் இவ்வளவு காலமும் நிழலிலை இருந்தது. அதுவும் இனி வெயிலைப் பாக்கட்டும்" என்றார். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தது நினைவிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், ஆனையிறவைக் கடந்த பிறகு, யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நீர் சாவணம் விட்டது நோகேல்லை, பிள்ளை. சின்னவளை எடுத்துக்கொண்டு போனீர் பாரும், அது நொந்தது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சரி, சரி, நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இப்போதும் யோசிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். காலில் இடித்துவிடுவாளோ என்று அப்போதும் பயந்தேன். அது வேறு பயம்.

இப்போது மச்சாள் வரம்பில் நின்று ஆட்களை ஏவுகிறார், சேற்றில் இறங்குவதில்லை. போன தடவை பரிசோதனைக்குப் போனபோது அதே டொக்டர் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படிப் பழைய காயத் தழும்பு இருக்கிறதா என்று. மச்சாள் வாய்விட்டுச் சிரித்தார். "ஆருக்கு இல்லையெண்டு கேளுங்கோ, டொக்டர்."

அன்று பின்னேரம் என் கணவர் வேலையால் வந்து இறங்கியதும் மச்சாள் அவரை முற்றத்தில் மறித்தார். "டேய், சேட்டைக் கழட்டு." அவருடைய முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு உண்டு. ஐந்து வருடக் கல்யாணத்தில் அதை வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை, அவர் காட்டியதுமில்லை. "இப்ப என்னத்துக்கு, அக்கா?" என்று இழுத்தார். "கழட்டடா எண்டால்." பொத்தான்களை அவிழ்த்துக் கழற்றினார். மேற்கு வெயில் நேரே முதுகில் விழுந்தது. நான் விரலால் விளிம்பைச் சுற்றிவர அழுத்திப் பார்த்தேன். தடிப்பில்லை, ஈரமில்லை, வெடிப்பில்லை. "நோகுதோ?" என்று கேட்டேன். "நோகுது" என்றார். மச்சாளின் புண் நோகவே இல்லையே. சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒன்றுமில்லை என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு, கணவர் சேட்டைப் போடுவதற்குள் இன்னொரு தரம் பார்த்தேன்.