புகார் எழுதிக் கொடு, டெஸ்

நோலா டெபோனோ ஆஸ்திரேலியாவில், முப்பத்தோரு வருடம் மெக்காய் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ரயில் ஓட்டியவர். அந்த ரயிலின் குலுக்கல் அவர் முதுகில் தங்கிவிட்டது. தரையில் நடந்தால் நண்டு மாதிரி ஒரு பக்கம் சாய்வார். தண்ணீரில் இறங்கினால் நிமிர்ந்துவிடுவார். அதனால்தான் ஓய்வுத் தொகையில் பெரும்பங்கைப் பின்கட்டில் ஒரு நீச்சல் குளமாகப் புதைத்தார்.

அது உப்புநீர்க் குளம், சும்மா இருக்காது. உப்பு கேட்கும், மின்சாரம் கேட்கும், சுற்றுவேலிக்குச் சான்றிதழ் கேட்கும். குளம் இருக்கிறது என்பதற்காகவே வீட்டுக் காப்பீட்டுத் தவணையும் கூடும். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து என் அப்பா டெஸ் சீண்டுவார்.

"நோலா, இந்தக் காசுக்கு தினமும் டாக்ஸி வெச்சுக் கடலுக்குப் போய்க் குளிக்கலாமே?"

"கடல்ல முதலை இருக்கு டெஸ். இங்க நீ மட்டும்தான் இருக்கே."

ஆறு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் வீடு திரும்பிய பிப்ரவரியில் புயல் வந்தது. முதல் நாளே நோலா வீட்டு மாமரத்தின் பெரிய கிளை ஒடிந்து குளத்துக்குள் பாய்ந்தது. மழை நிற்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் போய்ப் பார்த்தால், குளத்தில் தண்ணீரே இல்லை. ஊறிப்போன மண், காலியான கண்ணாடி இழைத் தொட்டியை அப்படியே மேலே தள்ளிவிட்டிருந்தது. கரையேறிய படகு போல அது கோணலாக நின்றது.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தார். தெரு வடிகாலைப் பார்த்துக் கிடந்த பம்புக் குழாயைப் படமெடுத்தார். மழையில் குளம் வழியாமல் இருக்கப் புயலுக்கு முன் ஒரு சாண் தண்ணீர் இறக்கியதாக நோலா சொன்னார். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். பத்து நாளில் கடிதம் வந்தது. கிளை குத்திய ஓட்டை வழியாகத்தான் நாற்பதாயிரம் லிட்டரும் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை. உரிமையாளரே பம்பு வைத்துக் காலி செய்ததால் தொட்டி மிதந்தது. ஆகவே இழப்பீடு கிடையாது.

புதுத் தொட்டிக்கு ஐம்பதாயிரம் டாலர். நோலாவிடம் அது இல்லை. பிரிஸ்பேனிலிருந்து மகள் தொலைபேசியில் சொன்னாள்: "குழியை மூடு, வீட்டை வித்துட்டு இங்க வந்துடும்மா."  தண்ணீரில் இறங்காத நான்கே வாரத்தில் நோலா கைக்குக் கைத்தடி ஒன்று வந்துவிட்டது. முன்வாசலில் வீட்டுத் தரகர் ஒருவரின் காரும் நின்றது.

தரகர் வந்துபோன மறுநாள்தான் அப்பா வேலியருகே நின்று கத்தினார்.

"நோலா! என்னத்தடி கொட்டித் தொலைச்சே? என் புல்லெல்லாம் சாகுது!"

அப்பாவுக்குப் புல்தரைதான் உயிர். ஞாயிறுதோறும் வெட்டி, படம் எடுத்து வைப்பார். அதில் வேலியோரம் தொடங்கி, விசிறி விரித்த மாதிரி ஒரு பகுதி மட்டும் பழுத்துக் கருகியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

நோலா தடியூன்றி வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பித் தன் குளத்தைப் பார்த்தார். விசிறியின் கைப்பிடி, தொட்டியில் கிளை குத்திய இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. எங்கள் நிலம் அவர் நிலத்தைவிடத் தாழ்வு.

"கண்ணு, ஒரு வாளி மண்ணு எடு," என்றார் என்னிடம். "பச்சையா இருக்கிற பக்கத்துலயும் ஒரு வாளி."

குளத்து நீரைப் பரிசோதிக்கும் கடைக்கு இரண்டையும் கொண்டுபோனோம். கடைப்பெண் கெய்லா மழைநீரில் கரைத்து உப்பளக்கும் கருவியில் விட்டாள்.

"இது சாதா மண்ணு. இது என்ன, கடற்கரையா?"

"என் குளம்," என்றார் நோலா.

தெரு வடிகாலில் பம்பு செய்த உப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டுப் புல்லுக்கு அடியில் எப்படி வரும்?

அன்று மாலை நோலா எங்கள் வீட்டு மேசையில் தாளும் பேனாவும் வைத்தார்.

"புகார் எழுதிக் கொடு, டெஸ். உன் புல்லை என் குளம் கொன்னுடுச்சுன்னு எழுது. தேதி, படம் எல்லாம் வை."

"வக்கீல் வெப்பேன்னு எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. திட்டறதுக்கு ஒரு பக்கம் தனியா எடுத்துக்கோ."

அப்பா மூன்று பக்கம் எழுதினார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை.

நோலா அதை மண் பரிசோதனை முடிவோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். மறுபரிசீலனைக்கு அங்கிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வேலியடியில் தோண்டினார், அளந்தார், அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாகப் பார்த்தார். மூன்றாம் வாரம் அந்த நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. புயலில் விழுந்த கிளையால் வந்த சேதம். முழுத் தொகையும் உண்டு. அடுத்த வருடம் தவணை கூடும் என்றும் ஒரு வரி இருந்தது. நோலா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்.

ஜூன் மாதம் புதுத் தொட்டி கிரேனில் தொங்கியபடி கூரைக்கு மேலே பறந்து வந்தது. தெருவே கூடி நின்றது. அப்பா, "என் புல்லு பக்கம் வராதீங்க!" என்று எல்லாரையும் விரட்டினார்.

தொட்டியை இறக்கிப் பக்கவாட்டில் மணல் போட்டுக்கொண்டே குழாயையும் திறந்துவிட்டார்கள். கணுக்கால் தண்ணீர்கூட நிறையவில்லை. நோலா நீச்சலுடையில் இறங்கி, தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"அம்மா, குளம் நிறைய ரெண்டு நாளாகும். வெளிய வாங்க," என்றான் வேலையாள்.

"என் மக கூப்பிட்டே நான் வெளிய வரலை. நீ மணலைப் போடு."