பொன்னுக்கு வீங்கியும் வசந்தா நர்சம்மாவும்

செங்கத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது ஜமுனாமரத்தூர் மளிகைக் கடைக்காரர் அழைத்தார். "சார், வசந்தா நர்சம்மா தவறிட்டாங்க. காலையிலதான்." மலைக் கிராமங்களை நடந்தே சுற்றிய சுகாதாரச் செவிலியர் அவர். ஏறவிருந்த பேருந்தை விட்டுவிட்டு, மலைக்குப் போகும் வண்டிக்குக் காத்திருந்தேன்.

பொன்னுக்கு வீங்கி பரவிய ஒரு கோடையில், பத்திரிகைக்குச் செய்தி எழுத ஒரு மலையூருக்குப் போனபோதுதான் அவரை முதலில் சந்தித்தேன். கன்னம் வீங்கிய பிள்ளைக்குத் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பது நம்பிக்கை. அந்த ஊரில் இருந்ததோ ஒரே தங்கச் சங்கிலி. அது வீடு வீடாகப் போனது. கூடவே பிள்ளைகளும் போனார்கள். யாருக்கு நோய் என்று வசந்தா விசாரிக்கவில்லை. "செயின் அடுத்து எந்த வூட்டுக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டு, நோயாளிகள் அத்தனை பேரையும் கண்டுபிடித்தார்.

"செயினு பரப்பல சார். எச்சிலும் தும்மலும் பரப்புது. இதுக்கு ஊசி நம்ம பெட்டியில இல்ல. தனியா வெக்கறதுதான் வழி" என்றார். சங்கிலியை அவர் பழிக்கவில்லை. "வீங்கின நாள்லேர்ந்து அஞ்சு நாள் அது ஒரே கழுத்துல கெடக்கட்டும். புள்ளையும் வூட்லயே கெடக்கட்டும்" என்றார். ஊர் கேட்டுக்கொண்டது.

அதற்கு மூன்றாம் நாள், கன்னம் வீங்கியிருந்த ஏழு வயது மல்லிகாவுக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டது. சங்கிலி அப்போது வேறொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் கிடந்தது. சங்கிலி வராமல் மகளை மலையிலிருந்து இறக்க மாட்டேன் என்று தாய் அரை நாள் காத்திருந்தாள். தகவல் தெரிந்து வசந்தா ஓடினார். நானும் உடன் போனேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். "செயினு அஞ்சு நாள் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது இன்னா, நாங்களா?"

வசந்தா தன் சங்கிலியைக் கழற்றினார். "என் கழுத்துல கெடந்தது இன்னா பித்தளையா? போட்டு வுட்டு வண்டியில ஏறும்மா."

மல்லிகா பிழைத்தாள். இடது காது மட்டும் கேட்கவில்லை. தாமதத்துக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். வசந்தா ஏற்கவில்லை. "வூட்லயே இருக்கச் சொன்னேன். எப்ப ஓடணும்னு சொல்லலியே, சார்."

அதன்பின் எந்த வாசலிலும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "தல வலிச்சு வாந்தி எடுத்தா, கழுத்து வெறச்சா, காது கேக்கலன்னா, ஆம்பளைங்களுக்கு விதை வீங்கினா, எதுக்கும் காத்திருக்காம கெளம்புங்க." ஐந்து நாள் கணக்கு பிறகுதான்.

நோய்ச் செய்தி எழுதும்போது அந்த வரிசையில்தான் எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் பயமுறுத்துகிறேன் என்று அலுவலகத்தில் குறைப்படுவார்கள். அந்த முதல் வரியை மட்டும் நான் கீழே இறக்குவதில்லை.