தேயாத பிரேக் பேட் இருக்கா?

பிரேக் பேட் விற்கிறவளை யாரும் சந்தோஷமாகத் தேடி வருவதில்லை. நகைக்கடைக்குச் சிரித்துக்கொண்டு போகிறார்கள், துணிக்கடைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். என் கடைக்கு மட்டும் மெக்கானிக் துரத்திவிட்ட முகத்தோடு, தேய்ந்துபோன பழைய பேட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். கடை வைத்து உட்கார்ந்திருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் கார், வேன் உதிரிபாகக் கடை. மாமனார் ஆரம்பித்தது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் கடை என் தலையில் விடிந்தது. பேட் என்பது முன்சக்கரத்து டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற கட்டை. கார் கம்பெனியே தருகிற பேட் விலை கூடுதல் என்று எல்லாரும் வெளிக்கம்பெனி பேட் கேட்பார்கள். அதில் இரண்டு ரகம் உண்டு. சாஃப்ட் பேட் மிதித்ததும் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், சக்கரமெல்லாம் கரித்தூள் அப்பும். ஹார்டு பேட் லேசில் தேயாது. ஆனால் சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும், கிறீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். பத்தடிக்கு ஓர் ஆட்டோ குறுக்கே வருகிற ஊரில் எது நல்லது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் ஹார்டு பேட்தான் கேட்பார்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. என் மகள் ஜெனிட்டா, அந்தோணி என்பவரின் வேனில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். மாரியம்மன் கோயில் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன். அந்தோணி நல்ல மனிதர், நிதானமாக ஓட்டுவார். ஆனால் வேனில் போட்டிருந்தது ஹார்டு பேட். அதை விற்றவளும் நான்தான். காலையில் ஆறிக்கிடக்கிற பேட்டோடு அவர் முதல் திருப்பத்தில் திரும்பும்போதெல்லாம் நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவுக்கு வேறு வேன் கிடையாது.

சார் இல்லீங்களா?

சனிக்கிழமைகளில் கணவரும் கடையில் வந்து உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். அப்படி ஒரு நாள் பூதலூரிலிருந்து ஒருவர் காருக்குப் பேட் வாங்க வந்தார். டவுனுக்குள் ஓடுகிற வண்டிக்கு சாஃப்ட் பேட் போதும், இரண்டு சக்கரத்துக்கும் ஒன்றாக மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு கொஞ்ச தூரம் லேசாக மிதித்து மிதித்துப் பழக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் இல்லீங்களா?" என்றார்.

சாரைக் காட்டினேன். சாருக்கு பிரேக்கை எந்தக் காலால் மிதிப்பது என்றே தெரியாது. அவர் ஓட்டுவது சைக்கிள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதையே தாழ்ந்த குரலில் மறுபடி ஒப்பித்தேன். அவர் அதை வகுப்பறைக் குரலில் திருப்பிச் சொன்னார். வந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இப்பதாங்க புரிஞ்சுது. அம்மா சொன்னப்ப ஒண்ணும் வெளங்கல."

ஆளுக்கு ஒரு சக்கரம்

அம்மாப்பேட்டைப் பக்கம் அண்ணன் தம்பி இருவர். நிலத்தைப் பாகம் பிரிப்பதில் அடிதடி வரைக்கும் போய், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்கள். வயல், தென்னை, வாய்க்கால் எல்லாம் பிரிந்தது. பம்புசெட் ஆளுக்கு ஒரு நாள். கார் மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் அண்ணன் வந்து இடது சக்கரத்துக்கு மட்டும் பேட் வேண்டும் என்றார். பேட் செட்டாகத்தான் வரும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும் என்றேன். இடது பக்கம் தன்னுடைய பாகம் என்றார். அந்த வண்டிக்கு அன்று இருப்பிலிருந்த சாஃப்ட் பேட் ஒரு செட் வாங்கி இரண்டை இடது சக்கரத்தில் மாட்டிவிட்டு, மிச்சம் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்த வாரம் தம்பி வந்தார். அண்ணன் வாங்கியதை வாங்கமாட்டேன் என்று ஹார்டு பேட் வாங்கிப்போய் வலது சக்கரத்தில் மாட்டினார். மூன்றாம் நாள் தம்பி பிரேக் பிடிக்க, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோர வாய்க்காலில் உட்கார்ந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை, வாய்க்காலிலும் முழங்கால் தண்ணீர்தான். விஷயத்தை எனக்குச் சொல்ல வந்த அண்ணன் முகத்தில் கவலையே இல்லை.

"அந்த வாய்க்கா அவன் பாகத்துல வருதும்மா. வண்டிய அவன்தான் தூக்கணும்."

பெட்டியின் நிறம்

ஆட்சி மாறினால் எங்கள் கடைவீதியில் கல்வெட்டு மாறும், கொடிக்கம்பம் மாறும், டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்களும் மாறுவார்கள். பிரேக் பேட்டாவது தப்பிக்கும் என்று நினைத்திருந்தேன். தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கரைவேட்டி கட்டிய பிரமுகர் ஒருவர், பின்னால் நான்கு பேரோடு வந்தார். கேட்டது சாஃப்ட் பேட். அதுவே எனக்கு ஆச்சரியம். எடுத்து வைத்தேன். பெட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அந்தப் பெட்டி எதிர்க்கட்சிக் கொடியின் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் ஷெட்டில் நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

பேட் பெட்டியைப் பார்த்து யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. வாதாடத் தெம்பில்லாமல் சாஃப்ட் பேட்டை வெளியே எடுத்து, ஹார்டு பேட் வருகிற சாம்பல் நிறப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தியானார். பின்னால் நின்றவர்களும் திருப்தியானார்கள்.

"உள்ள எது இருந்தா என்னம்மா. வெளிய அவனுங்க கலர் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

சத்தம் போடாத வேன்

அந்தப் பெட்டியை மூடியபோதுதான் எனக்கு அந்தோணி ஞாபகம் வந்தது. அவரிடம் மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "தேயாத பேட் இருக்குக்கா, அதை விட்டுட்டுத் தேயற பேட்ட எவனாவது வாங்குவானா?" என்பார். தேய்கிறது என்றால் டிஸ்க்கைப் பிடிக்கிறது என்று அர்த்தம் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் வேன் வருவது தெருமுனையிலேயே கிறீச்சென்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தெருப் பிள்ளைகள் செருப்பு மாட்டுவார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வழக்கம்போல் வந்து சாம்பல் பெட்டி கேட்டார். உள்ளே போய் சாஃப்ட் பேட்டை அதில் போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். எனக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரர் ஒருவரை நான் ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. அந்தோணி மெக்கானிக்கிடம் போகமாட்டார், தானே ஜாக்கி வைத்து மாட்டிக்கொள்வார், பெட்டியை மட்டும்தான் படிப்பார். அடுத்த ஞாயிறு கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது. ஆனால் திங்கட்கிழமை வேன் சத்தமில்லாமல் வந்து, நினைத்த இடத்தில் நின்றது. எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் வேன் வந்ததே தெரியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணி சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா, இந்தப் பேட் சத்தமே போடல. வேல செய்யுதா இல்லையான்னே தெரியல."

பாதிச் சாலையில் நெல்

சம்பா அறுப்பு நேரத்தில் எங்கள் பக்கம் பாதிச் சாலை களமாகிவிடும். ஈரநெல்லை எடுக்கமாட்டோம் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்வதால், விவசாயிகள் தார்ச் சாலையில் கொட்டி, ஓரத்தில் கல் அடுக்கிக் காயவைப்பார்கள். அப்படி ஒரு வாரத்தில் ஜெனிட்டா யூனிபார்ம் முழுக்கச் சாம்பாரோடு வந்தாள். கேட்டதற்கு டிபன் பாக்ஸ் கொட்டிவிட்டது என்றாள். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஒரு டப்பாவை மூடத் தெரியாதா என்று நன்றாகத் திட்டினேன். அவள் துவைக்கப் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து அந்தோணி வந்து, தேய்ந்த பேட்டை மேஜைமேல் போட்டார். எட்டே மாதத்தில் பேட் தேய்ந்து அடியிலிருக்கிற இரும்புத் தகடு தெரிகிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று பொரிந்து தள்ளினார். பேச்சோடு பேச்சாக, "போன வாரம்கூட பாருங்க," என்றார். காலை முதல் டிரிப். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண், முதுகைக் காட்டியபடியே பின்வாங்கி வேனுக்கு நேராக வந்துவிட்டாளாம். இந்தப் பக்கம் ஒதுங்கினால் வாய்க்கால், அந்தப் பக்கம் லாரி. மிதித்த மிதியில் வேன் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், யாருக்கும் கீறல்கூட இல்லை, ஜெனிட்டா டிபன் பாக்ஸ்தான் திறந்துகொண்டது என்றார்.

அந்தத் தேய்ந்த பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையைத் திட்டியது நினைவுக்கு வந்து அழுகை முட்டியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் மறுபடியும் ஹார்டு பேட் வாங்கி மாட்டிக்கொள்வார் என்பதும் தெரியும். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"அதே பேட்டே குடுங்கக்கா. ஆனா பழைய சரக்கா பாத்துக் குடுங்க, இப்ப வர்றதெல்லாம் தேஞ்சுபோற சரக்கு."

இத்தனை வருஷம் என் வாயால் உண்மையைச் சொல்லி ஓர் ஆளைக்கூட சாஃப்ட் பேட் வாங்கவைக்க முடியாத நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அன்றும் அதையே சாம்பல் பெட்டியில் போட்டு எடுத்து வந்து நீட்டினேன்.