இடது கதவின் சத்தம்

பூமிக்குள் முந்நூறு அடியில் ஓடும் மோட்டாரில் என்ன கோளாறு என்று, மேலே வரும் குழாயில் காதை வைத்தே சொல்லிவிடுவேன். பேரிங் போயிருக்கிறதா, தண்ணீர் வற்றிக் காற்றை இழுக்கிறதா, மணல் ஏறுகிறதா என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் பெருநகர் கிராமத்தைச் சுற்றி யார் நிலத்தில் போர் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அப்படிப்பட்டவனுக்கு, சொந்தக் காரின் இடது கதவிலிருந்து வந்த ஒரு சின்னச் சத்தத்தை மூன்று வாரமாக நிறுத்த முடியவில்லை.

கார் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, அது பல கை மாறி வந்த பழைய வண்டி. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, காஞ்சிபுரத்துக்கு வந்து தினமும் கரண்ட் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவசர அவசரமாக வாங்கினேன். கதிர் பாய்ச்சுவதைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் போக வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. காரில் முன்சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்தால் எப்படியோ சமாளித்துக்கொண்டாள்.

"நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா அதுவரைக்கும் வச்சதெல்லாம் வீணாப் போயிடும்" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு வாரம் வண்டியில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நான்கு நாள் அடைமழை, அதிலும் விடாமல் போய்வந்தோம். ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. மழை விட்ட பிறகு போன முதல் நாளே சத்தம் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் பக்கத்துக் கதவுக்குள் 'கிணுக்' என்றது. பாலாற்றுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் 'கிணுக்' என்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கதவை விட்டு விலகி என் பக்கம் சாய்ந்தாள்.

"சனியன் புடிச்ச வண்டி" என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். தினமும் குத்தினேன்.

கண்ணாடி ஆடுகிறது என்று நினைத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே அட்டையை மடித்துச் சொருகினேன். ஒரு நாள் சும்மா இருந்தது, மறுநாள் மறுபடியும் 'கிணுக்'. கதவுப் பையில் கிடந்த மருந்துச் சீட்டு, தண்ணீர் பாட்டில், பழைய சாவி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். கதவின் ஓரம் முழுக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். உத்திரமேரூரில் ஒரு டிங்கரிடம் காட்டினேன். அவர் கதவைத் திறந்து இரண்டு ஆட்டு ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"பழைய வண்டின்னா நாலு சத்தம் வரத்தாண்ணா செய்யும். பாட்டு போட்டுக்கினு போ" என்றார்.

அவரை அடிக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"மாமா, திங்கக்கெழம நான் வரல."

"இன்னாடி சொல்ற? இன்னும் ஆறு தரம்தான் கீது."

"அந்தச் சத்தத்த கேட்டுக்கினு என்னால போவ முடியாது."

"வேற வண்டி வைக்கிறேன்."

"எந்த வண்டியும் வாணாம். போதும்."

கெஞ்சினேன், கத்தினேன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். எதற்கும் அவள் அசையவில்லை. சனிக்கிழமை முழுக்கச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆறே ஆறு நாளுக்காக எல்லாம் வீணாகப் போகிறதே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வேறு வண்டியும் வேண்டாம் என்றாளே, அப்படியானால் பிரச்சினை சத்தம் மட்டும்தானா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்பேர் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்றினேன். கதவின் உள்பக்க அட்டையை நெம்பியதில் நான்கு கிளிப் படபடவென்று உடைந்தன. பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். கண்ணாடியை ஏற்றி, கீழே வராமல் மரத்துண்டால் முட்டுக் கொடுத்தேன். உள்ளே கையை விட்டதும் தகரம் மணிக்கட்டைக் கிழித்தது. கண்ணாடியைத் தூக்கும் மிசினில் ஒரு போல்ட் லூசாக இருந்தது. இதுதான், இதேதான் என்று முறுக்கினேன். பூட்டுக்குப் போகும் கம்பி ஆடியது. டியூப் துண்டால் கட்டினேன். பிறகு கதவின் அடிப்பக்கத்தை முட்டியால் ஓங்கிக் குத்தினேன்.

'கிணுக்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்பத்தெட்டு வயதில் ஒரு கார் கதவின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசியாகக் கதவின் அடிவரைக்கும் கையை விட்டேன். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மண் அடைத்து, உள்ளே சேறு தேங்கியிருந்தது. அந்தச் சேற்றுக்கு மேலே வழவழவென்று ஏதோ விரலில் பட்டது. எடுத்தேன். ஒரு ரூபாய்க் காசு. பக்கத்திலேயே, முடிச்சு அவிழ்ந்து போன ஒரு துணித்துண்டு. கழுவினால் மஞ்சள் நிறம். ஓரத்தில் பச்சைக் கரை. என் பழைய வேட்டியின் கரை.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் குலதெய்வத்தை நினைத்து மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைப்பார்கள். குணமானதும் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதுவரைக்கும் அது சாமி மாடத்தில் இருக்கும். கார் கதவுக்குள் முடிந்து வைத்த காசைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சேற்றுக் கையோடு உள்ளே போய் அவள் முன்னால் நீட்டினேன். எழுந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் மாமா. மொத நாளு கையிலயே வச்சிக்கினு வந்தேன். நீ பாத்தா திட்டுவேன்னு கண்ணாடி ரப்பர்ல சொருகினேன். கண்ணாடிய எறக்குறப்ப உள்ள பூடிச்சி."

"சொல்றதுக்கு இன்னா?"

"சாமின்னாலே எரிஞ்சி வுழுவியே, உன்கிட்ட எப்டி சொல்றது? பத்தரமா கீதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். மய பேஞ்சப்பறம் சத்தம் வந்திச்சி பாரு, அப்பவே தெரிஞ்சிப் போச்சி, முடிச்சு அவுந்துக்கிச்சின்னு. சாமி வாங்கிக்கல. வாணாம் வாணாம்னு தெனம் ஆட்டிக் காட்டுது. அப்பறம் எதுக்கு மாமா கரண்டு?"

மூன்று வாரமாக அந்தச் சத்தத்தை அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள். நான் சனியன் சனியன் என்று பக்கத்திலிருந்து கத்தியிருக்கிறேன். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கோயில் வாசலில் சட்டையைக்கூடக் கழற்றாதவன், அன்று காசைத் தேய்த்துக் கழுவினேன். புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்தேன்.

"சாமி வாங்காம போவல. ஓட்டை அடச்சிக்கினு தண்ணி நின்னு, முடிச்சு ஊறி அவுந்துக்கிச்சி, அவ்ளோதான். முடி" என்றேன்.

மூன்று முடிச்சுப் போட்டாள். முந்தானையில் செருகிக்கொண்டு, "வரேன்" என்றாள்.

திங்கட்கிழமை கிளம்பினோம். உடைந்த கிளிப்புக்குப் பதிலாகக் கதவு அட்டையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். ஊர் எல்லையில் முதல் பள்ளம். கதவு சத்தமே போடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவள் பக்கம் திரும்பப் போனேன். அப்போதுதான் அது கேட்டது.

"ம்ம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு, வெளியே தெரியாமல் முனகுகிற முனகல். அடுத்த பள்ளத்திலும் கேட்டது. அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. பள்ளம் வருவது தெரிந்ததும் கை தலையணையை இறுக்கிப் பிடிக்கும். பழக்கப்பட்ட பிடி அது. இத்தனை நாளும் அந்தக் காசு இதை மூடி வைத்திருக்கிறது. நானும் வண்டியைத் திட்டித் திட்டி என் பங்குக்கு மூடியிருக்கிறேன். முந்நூறு அடிக்குக் கீழே கேட்கிற காதுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தவளின் முனகல் கேட்கவில்லை.

பாலாற்றுப் பாலம் வந்தது. அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சத்தம் இல்லாத வண்டியில் நான் கேட்டுவிடுவேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. முதல் இணைப்பில் சக்கரம் ஏறும்போது நான் தொண்டையைப் பலமாகச் செருமினேன். அடுத்த இணைப்பிலும் செருமினேன். அதற்கடுத்ததிலும். மெதுவாக முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா மாமா, சளி புடிச்சிக்கிச்சா?"

"ஆமா. ஈரத்துல குந்திக்கினு கதவப் பிரிச்சேன் இல்ல."

"வூட்டுக்குப் போனதும் மெளகு கசாயம் வச்சித் தரேன்."

சரி என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், அப்புறம் மீதி ஐந்து நாளும், ஒரு பள்ளம் விடாமல் செருமிக்கொண்டே ஓட்டினேன்.